உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்

மயக்க மருந்து கொடுப்பது என் தொழில்.
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள் என்பேன்,
ஏழைத் தாண்டியவர்கள் குறைவு.
வெண்ணாறு ரெசிடென்சியின் சேல்ஸ் மேனேஜர்
அமலோற்பவராஜ்
நாலாயிரத்து இருநூறில் தொடங்கினார்.
நாலாயிரத்துக்கு இறங்கவே
இரண்டு காபியும் ஒரு பவர்கட்டும் ஆயிற்று.

மாநில மாநாடு, தஞ்சாவூரில் முதல்முறை.
மூன்று இரவு, நூற்று எண்பது அறை.
இருபத்தைந்துக்கு ஒன்று இலவசம் என்றேன்.
நாற்பதுக்கு ஒன்று என்றார்.
காலை டிபன்?
சேர்த்துத்தான்.
ஜிஎஸ்டி?
அது தனி.
எது எதோடு ஒட்டும், எது தனியே நிற்கும் என்று
சந்தி பிரிக்கும் தமிழாசிரியர்போல
பேனா முனையால் ஒவ்வொன்றாய்ப் பிரித்து வைத்தார்.

"டிசம்பர் சீசன், டாக்டர்.
பெரிய கோயிலுக்கு வெளிநாட்டுக்காரங்க,
ஐயப்ப சாமிங்க வேற பஸ் பஸ்ஸா."
"மாலை போட்டவர்கள்
உங்கள் ஸ்பிரிங் மெத்தையிலா படுக்கிறார்கள்?"
அவர் சிரிக்கவில்லை.
மூவாயிரத்து அறுநூறு என்றார்.

அவர் தலைக்குமேல் தொங்கியது
அரிசி மண்டிக்காரர் கொடுத்த நாள்காட்டி.
பதிவாளர் அலுவலகத்தில்
ராகுகாலத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்.
ஆனால் இந்த மாநாட்டுக்குப்
பஞ்சாங்கம் பார்த்துத்தான் நாள் குறித்தேன்,
ஒரு முகூர்த்தமும் இல்லாத மாதமாக.
"மார்கழி" என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை.
மாடியில் அவருடைய கல்யாண மண்டபம்
நாற்காலிகளை அடுக்கிவைத்துக்கொண்டு
எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.
மூவாயிரத்து இருநூறு.

பிறகு பதினேழாம் பிரிவு:
ஆள் வராத அறைக்கும் வாடகை உண்டு.
இருபது நாள் முன்னால் சொன்னால் விடுவிப்பார்களாம்.
மேட்டூரில் திறந்தாலும்
தண்ணீர் எப்போது வாய்க்காலுக்கு வரும் என்று
இந்த ஊரில் யாரும் சத்தியம் செய்வதில்லை.
மருத்துவர்கள் அதைவிட மோசம்.
கடைசி நாளில் பதிவார்கள்,
கடைசி மணியில் ரத்து செய்வார்கள்,
வந்தபின் கேட்பார்கள், ஏன் எனக்கு ஜெனரேட்டர் பக்கத்து அறை?
அந்தக் கடைமடை அறைகளை
மேற்படிப்பு மாணவர்களுக்கு எழுதியிருந்தேன்.
அவர்கள் எங்கேயும் தூங்குவார்கள்.
முப்பத்தெட்டு டிரைவர்களுக்குத்தான்
இடமே எழுதியிருக்கவில்லை,
இருவர் தாளிலும்.

"டிரைவருங்க வண்டியிலயே..." என்று ஆரம்பித்தவர்
முடிக்கவில்லை.
யோசிக்கிறார் என்று நினைத்தேன்.
பேரத்தில் மௌனம் ஒரு ஆயுதம்,
நானும் என் மௌனத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.
பிறகுதான் பார்த்தேன்:
கண் பாதி மூடியிருந்தது.
கழுத்து சட்டைப் பொத்தானுக்கு அடங்காத கழுத்து.
மூச்சு ஒன்று நின்றது.
நான் எண்ணினேன், பழக்கம்,
ஒன்பது, பத்து, பதினொன்று,
இழுத்துப் பிடித்துத் திரும்பி வந்தது ஒரு சிறு குறட்டையோடு.

"...தூங்கிக்குவாங்க" என்று முடித்தார்.

"ராத்திரி குறட்டை விடுவீங்களா?"
"அதுக்கும் ரேட்டுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"
"காலையில் தலைவலி?"
அவர் கதவைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார்.
இது எந்த ஊர் பேர உத்தி என்று
முகத்தில் தெரிந்தது.
"மூவாயிரத்து நூறு" என்றார் அவசரமாக.
நான் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தில் இருந்தேன்.

உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.
மூவாயிரம்.
மண்டபத்தில் முப்பத்தெட்டு பாய், தலையணை, மின்விசிறி,
அதையும் கையால் எழுதி
இருவரும் சுருக்கொப்பம் இட்டோம்.

போகும்போது ரசீதின் பின்பக்கம்
தூக்கப் பரிசோதனை என்று எழ்திக் கொடுத்தேன்,
மருத்துவக் கல்லூரி சாலையில் என் தோழியின் பெயரும்.
நானூறு கட்டில் வைத்திருப்பவர்
அதை இரண்டு முறை படித்தார்.
"இதுக்கு எவ்வளவு ஆகும்?"
ஆறாயிரம் என்றேன்.

கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.